வில் என்று முடியும் ஊர்கள்

ஒலுவில், கோளாவில், தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில். இலங்கையின் கிழக்கே அம்பாறைக் கரையோரத்தை வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லிக்கொண்டு வந்தால் நாக்கு தானாகவே ஒரு தாளத்துக்கு வந்துவிடும். பாடசாலைப் பிள்ளைகளிடம் ஊர்ப்பெயர்களைப் பிரித்துத் தொகுக்கச் சொன்னால் இவை ஐந்தையும் ஒரே கூடைக்குள் போடுவார்கள். அதில் தவறு சொல்லவும் முடியாது, கடைசி எழுத்துகள் அப்படியே ஒத்திருக்கின்றன. ஆனாலும் இந்த ஐந்தில் ஒன்று மற்ற நான்கோடு சேராது. சேராத அந்த ஒன்று திருக்கோவில். மற்ற நான்கைப் போன்ற ஊர்களெல்லாம் ஒரே குடும்பந்தானா என்பதைப் பற்றி நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்கின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்து ஊர்களை வைத்து நடந்தது. கிழக்கை யாரும் கூண்டில் ஏற்றி ஒழுங்காக விசாரித்ததில்லை.

எழுத்து ஒத்திருந்தால் வேரும் ஒத்திருக்கும் என்று நம்புவது எல்லா மொழிக்காரருக்கும் உள்ள பழக்கம். குறுக்கெழுத்துப் போட்டியில் ஊறிய ஆங்கில வாசகரிடம் வி, ஐ, எல் என்ற மூன்று எழுத்தும் அடுத்தடுத்து வரும் சொற்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பத்துப் பதினைந்தைக் கொட்டிவிடுவார். வில்லேஜ், வில்லா, வில்லன் ஆகிய மூன்றும் உண்மையிலேயே உறவுக்காரர். இலத்தீனில் வில்லா என்றால் நாட்டுப்புறப் பண்ணைவீடு. அந்தப் பண்ணையைச் சுற்றிய குடியிருப்பு வில்லேஜ் ஆயிற்று. பண்ணையில் கட்டுப்பட்டு உழைத்தவன் வில்லன். எங்கள் பக்கத்தில் நிலக்கிழாரான போடியாரின் வயலில் வேலை செய்த முல்லைக்காரனுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். உழைத்தவனைக் கெட்டவனாக்கியது மேல்சாதிக்காரரின் வாய். நம்பியாரும் வீரப்பாவும் அந்தப் பழியைப் பிறகு திரையில் சுமந்தார்கள்.

இந்த மூன்றைத் தாண்டினால் உறவு முடிந்தது. சிவில் என்பது குடிமகனைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெவில் கிரேக்கத்திலிருந்து வந்தது. தீமையைக் குறிக்கும் ஈவில் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. டெவிலுக்குள் ஈவில் அடங்கியிருக்கிறது என்பது பிரசங்கிகளுக்கு வாய்ப்பான விஷயந்தான், ஆனால் இரண்டுக்கும் சொல்வழியில் ஒட்டுமில்லை உறவுமில்லை. அரிசி மூட்டையில் விழும் மூக்கு வண்டு வீவில். கொல்லன் பட்டடை ஆன்வில். இவையும் தனித்தனிக் குடும்பங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சலுகையைக் குறிக்கும் பிரிவிலேஜ். அது தனியாள் என்று பொருள்படும் ஒரு சொல்லும் சட்டம் என்று பொருள்படும் ஒரு சொல்லும் ஒட்டிப் பிறந்தது. அந்த மூன்று எழுத்தில் முதல் இரண்டும் ஒரு சொல்லின் வால், மூன்றாவது அடுத்த சொல்லின் தலை. வில் என்று அங்கே ஒரு பொருளே கிடையாது. ஒட்டுப்போட்ட இடத்தில் தற்செயலாக விழுந்த எழுத்துகள் அவை.

திருக்கோவிலும் அப்படித்தான். கோ என்றால் அரசன், இறைவன். இல் என்றால் வீடு. இரண்டு உயிர் நேருக்கு நேர் சந்திக்கும்போது நடுவில் ஒரு மெய் வந்து நிற்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி நன்னூலில் சொன்ன விதிப்படி ஓகாரத்துக்குப் பின் வகரம் வரவேண்டும், கோவில் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் கோயில் என்று யகரத்தோடு எழுதும் வழக்கு வலுத்துவிட்டது. எது சரி என்று தமிழாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டும் வழக்கில் நிலைத்தவை, விட்டுவிடலாம். இங்கே கவனிக்கவேண்டியது, திருக்கோயில் என்று எழுதியிருந்தால் எங்கள் ஊர் அந்தக் கூடைக்குள் விழுந்தே இருக்காது என்பது. ஒரு உடம்படுமெய் செய்த வேலை.

இதே சொல் ஆங்கில எழுத்துக்குப் போனபோது நடந்த கூத்தும் உண்டு. குமரி மாவட்டத்து நாகர்கோவிலை வெள்ளைக்காரர் எழுதிய எழுத்தில், பின்பாதி சுருள்கம்பியைக் குறிக்கும் கொயில் என்ற ஆங்கிலச் சொல்லாகவே வாசிக்கப்படும். வடமராட்சி கிழக்கிலும் ஒரு நாகர்கோவில் இருக்கிறது. அதை இலங்கையில் ஆங்கிலத்திலும் வகரத்தோடு கோவில் என்றே எழுதுகிறார்கள். தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் இரண்டு உருவம். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து ஊர்ப்பெயர் ஆராய்பவர் இரண்டையும் இரண்டு கூடையில் போடுவார். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கோ பொத்துவில்லின் கடைசிப் பாதி ஏதோ பிரெஞ்சு நகரம் போலக் கேட்கும்.

தமிழ் எழுத்தை வைத்து ஆராய்பவருக்கும் பொறி இருக்கிறது. இடத்தைக் காட்டும் இல் உருபு சேரும்போது, வு என்று முடியும் சொற்கள் கடைசி உகரத்தை இழந்து வில் என்று நிற்கும். இரவில், கனவில், முடிவில். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்தது காரைதீவில். இந்தக் கடைசிச் சொல்லை ஊர்ப்பெயர் தெரியாத ஒருவர் பார்த்தால் ஒலுவில்லுக்குப் பக்கத்து ஊர் காரைதீவில் என்றே பதிந்துகொள்வார். மறுபக்கமாகவும் நடக்கும். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் பத்திரிகையில் ‘ஒலுவில் துறைமுகம்’ என்று படித்தால் ‘ஒலு’ என்றொரு ஊரில் உள்ள துறைமுகம் என்று எண்ண இடமிருக்கிறது. உருபைப் பிரித்து வேர்ச்சொல் தேடும் கணினி நிரலும் அதே இடத்தில்தான் கத்தி வைக்கும். இங்குள்ள செய்தியாளர்கள் ‘பொத்துவிலில் மழை’, ‘ஒலுவிலில் கடலரிப்பு’ என்று லகரத்தை இரண்டுமுறை உருட்டி எழுதுவது அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மெய்யான வில். அது தண்ணீரின் பெயர்.

சிங்களத்தில் வில என்றால் குளம், சதுப்பு, நீர் தேங்கும் தாழ்நிலம். மேற்குக் கரையில் லுணுவில இருக்கிறது. லுணு உப்பு, ஆகவே உப்புக் குளம். அதற்கு வடக்கே புனித அன்னம்மாளின் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் கூடும் தலவில. இந்தச் சொல் சிங்களத்தில் ஒருமையில் வில என்றும், பன்மையிலும் வேறு சொல்லோடு சேரும்போதும் வில் என்றும் நிற்கும். வடமேற்கில் வில்பத்துக் காட்டின் நடுவே மணல் கரை கட்டிய இயற்கை ஏரிகளை வில்லு என்று எல்லா மொழிக்காரரும் சொல்கிறார்கள். 1938இல் தேசிய வனமான அந்தக் காட்டின் பெயரைப் பத்து வில்லுகள் என்று பிரிப்பார் உண்டு, வில்லுகள் நிறைந்த பற்று என்று பிரிப்பார் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. எண்ணிப் பார்த்தால் அங்கே வில்லுகள் பத்தோடு நிற்கவில்லை. மகாவலி கங்கை பொலன்னறுவைப் பக்கம் வெள்ளப்பெருக்கில் விட்டுச்செல்லும் ஆழமில்லாத நீர்ப்பரப்புகளுக்கும் வில்லு என்றுதான் பெயர்.

இப்போது ஒலுவில்லைப் பாருங்கள். ஓலு என்றால் சிங்களத்தில் ஆம்பல். ஓலு பூத்த வில், ஆம்பற்குளம். கோளாவில், தம்பிலுவில், பொத்துவில் மூன்றின் முன்பாதியும் இவ்வளவு தெளிவாகத் திறக்காது. தம்பிலுவிலைக் கேட்டதும் செவ்விளநீர்த் தெம்பிலி நாக்கில் வரும், அதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒலி ஒத்துப்போவதைச் சான்றாக எடுத்துக்கொண்டால் டெவிலுக்குள் ஈவில் தேடிய பிரசங்கியின் கதிதான். பின்பாதிக்கு மட்டும் நிலமே சாட்சி சொல்கிறது. இந்தக் கரை நெடுக ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் சதுப்பும் வெள்ளாமை வட்டையும், நடுவில் மணல்மேட்டில் ஊர். மாரி மழை இறங்கினால் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர். நீர்நிலையைச் சொல்லி ஊரை அடையாளம் காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வில் என்றதும் ராமன் கை வில்லை எடுத்துக்கொண்டு கிளம்புகிற கதைகளும் இருக்கின்றன. வேடர் வில் ஊன்றிய இடம், அரசன் வில் வளைத்த இடம் என்றெல்லாம். கோவில் கதைகளுக்கு அவை நன்றாக இருக்கும். அயல் ஊர்கள் நான்கிலும் யாராவது வில்லை ஊன்றிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வழக்கு எங்கே கிளம்பியது என்றால், இந்த வில் தமிழா சிங்களமா என்ற இடத்தில். பிரித்தானிய சிவில் சேவைக்காரருக்கு ஊர்ப்பெயர் ஆராய்வது மாலைநேரப் பொழுதுபோக்கு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெரிய கையேடு எழுதியவர், வன்னி ஊர்ப்பெயர்களையும் ஆராய்ந்தார். பி. ஹோர்ஸ்பரோ 1916இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள சிங்கள ஊர்ப்பெயர்கள் என்ற கட்டுரையை வெளியிட்டார். கொக்குவில், இணுவில், கோண்டாவில், உடுவில், மட்டுவில், மிருசுவில், மந்துவில், நுணாவில் என்று குடாநாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் பெயர்கள் அந்த வகை வாதத்துக்கு நல்ல தீனி. இரண்டு வருடத்தில் எஸ். டபிள்யு. குமாரசுவாமி தமிழிலேயே வட மாகாணத்து இடப்பெயர்களின் வரலாற்றை எழுதினார். சுவாமி ஞானப்பிரகாசர் தன் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் குடாநாட்டில் முன்பு சிங்களக் குடியேற்றம் இருந்ததற்கு ஊர்ப்பெயர்களைச் சான்றாக எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பாதிரியார் ஒருவர் அப்படி எழுதியது பலருக்கு ஜீரணமாகவில்லை. கா. இந்திரபாலா 1965இல் இலண்டனில் முடித்த ஆய்வில் திராவிடக் குடியேற்றம் பற்றிச் சொன்ன முடிவுகளை, 2005இல் வெளிவந்த தன் நூலில் தானே மீண்டும் எடைபோட்டார். ஒரு ஆய்வாளர் நாற்பது வருடம் கழித்துத் தன் கணக்கைத் தானே திருத்துவது இந்தத் துறையில் அபூர்வம்.

இந்தத் தர்க்கம் முழுவதிலும் ஒரு பழுது உண்டு. சொல் எந்த மொழியில் பிறந்தது என்பதும், அந்தச் சொல்லைக் கொண்டு ஊருக்குப் பெயர் வைத்தவர் எந்த மொழி பேசினார் என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்கி, பிறகு நிலம் யாருக்கு என்ற மூன்றாவது கேள்வியையும் அதோடு முடிந்துவிட்டார்கள்.

நுணாவில்லை எடுத்துப் பாருங்கள். நுணா தமிழ் மரப்பெயர். நுணா நின்ற வில் என்று பெயர் வைத்தவர் தமிழ் பேசியவராகத்தான் இருக்கவேண்டும், வில் என்ற சொல்லையும் அவர் அன்றாடம் வாயில் வைத்திருக்கவேண்டும். அப்படியானால் வில் அவருக்குத் தமிழ்ச்சொல்தான், எங்கிருந்து வந்ததாக இருந்தாலும். கொக்குவில் இன்னும் சிக்கலானது. கொக்குத் தமிழ்தானே என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். சிங்களத்தில் கொக்குக்குக் கொகா என்று பெயர், பன்மையில் கொக்கு. ஒரே எழுத்து, ஒரே பறவை, ஒரே குளம், இரண்டு மொழி. தமிழன் ஒரு கொக்கைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கலாம், சிங்களவன் பல கொக்குகளைப் பார்த்து வைத்திருக்கலாம். இணுவில்லை ‘இணையிலி’ என்ற சொல்லிலிருந்து வந்ததாக விளக்குவோரும் உண்டு. அது சரியென்றால் அந்த ஊர் வில் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல, திருக்கோவிலைப் போலத் தற்செயலாக உள்ளே நுழைந்தது. ஆக, எட்டுப் பெயர் கொண்ட பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதை. பட்டியலைக் காட்டி முடிவு சொல்வது எண்ணிக்கையின் மயக்கம்.

கிழக்கில் இந்த விவாதம் வேறு மாதிரி நடந்திருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் மொழிகள் அருகருகே வாழ்ந்த காலம் பழைய சான்றுகளில் தேடவேண்டிய ஒன்று. இங்கே அது நேற்று வரை, சில இடத்தில் இன்று வரை. பொத்துவில்லுக்குத் தெற்கே பாணமையில் ஒரே குடும்பத்தில் இரண்டு மொழியும் புழங்கும். தம்பிலுவில்லிலும் காரைதீவிலும் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கொண்டாடப்படும் கண்ணகை அம்மன், சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்யோ. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டில் விசயபாகு என்ற மன்னர் பெயர் வருகிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கடற்கரையில் கூடும் சனத்துக்கும், இந்தக் கரை வழியாக உகந்தை தாண்டிக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியாருக்கும் ஊர்ப்பெயரின் மொழி ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அதே கரையில் ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், மருதமுனை முஸ்லிம் ஊர்கள். தமிழ் பேசும் இந்த ஊர்க்காரர் வில்லையும் முனையையும் யாரிடமிருந்தும் கடன்வாங்கவில்லை. அந்த நிலத்தில் உழுது அந்தக் களப்பில் வலை வீசியவர்களுக்கு அவை பிறந்த வீட்டுச் சொற்கள்.

வில்லோடு நின்றுவிட்டால் கரையோரத்தின் மற்ற வால்கள் கோபித்துக்கொள்ளும். சேனையைப் பாருங்கள். அட்டாளைச்சேனை, வரிப்பத்தான்சேனை, மட்டக்களப்புப் பக்கம் வாழைச்சேனை. படைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிழங்குக்கும் இல்லை. காட்டை வெட்டி எரித்து மழையை நம்பிச் செய்யும் பயிர்தான் சேனை. சிங்களத்தில் ஹேன. இலங்கை ஆங்கிலேயர் தம் கச்சேரிக் கடிதங்களில் அதைச் சேனா என்று எழுதிப் புகுத்தி ஆங்கில அகராதி வரை கொண்டுபோனார்கள். அட்டாளை என்பது காவற்பரண். யானைக்கும் பன்றிக்கும் கண்விழிக்க மரத்தில் கட்டிய அட்டாளையும் கீழே சேனையுமாக அந்த ஊரின் பெயரே ஒரு படம். இன்றைக்கு அங்கே கல்வியியல் கல்லூரி.

இறக்காமம், வாங்காமம், சாகாமம் மூன்றையும் பிற ஊர்க்காரர் கேட்டுச் சிரிப்பதுண்டு. வள்ளுவர் மூன்றாம் பாலில் எழுதிய காமத்துக்கும் இதற்கும் எட்டாத தூரம். கிராமத்தைக் குறிக்கும் பாளிச் சொல் காம, சிங்களத்தில் கம, தமிழில் அம் சேர்ந்து காமம். கதிர்காமமும் கொடிகாமமும் வலிகாமமும் இதே வீட்டுப் பிள்ளைகள். சாகாமத்தைச் சாகாத மம் என்று யாராவது பிரித்துக் கதை கட்டினால் கட்டட்டும், அங்கே இருக்கும் குளத்துக்கு அதனால் நீர் குறையாது.

முனை என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. கல்முனை, மருதமுனை, பாலமுனை, நற்பிட்டிமுனை, வீரமுனை, சொறிக்கல்முனை. முனை என்றதும் கடலுக்குள் நீட்டிய நிலம் என்று அர்த்தம் சொல்வோம். ஆனால் இந்தக் கரை பெரும்பாலும் நேர்கோடு. கடலுக்குள் நீட்டும் நிலம் தேடவேண்டுமானால் இலங்கையின் கிழக்குக் கடைக்கோடியான சங்கமன்கண்டி முனைக்குத்தான் போகவேண்டும். வீரமுனை சம்மாந்துறைக்குப் பக்கத்தில், கடல் எட்டிப் பார்க்காத இடத்தில். சொறிக்கல்முனை அதைவிட உள்ளே, நாவிதன்வெளிப் பக்கம். எனக்குத் தோன்றுவது, இந்த முனைகள் பார்த்துக்கொண்டிருப்பது மேற்கே உள்ள களப்பையும் ஆற்றையும் வெள்ளம் நிற்கும் வயலையும் என்பது. மாரியில் தண்ணீருக்குள் மேடாக நீண்டு நிற்கும் நிலத்துக்கு உழவன் வைத்த பெயர், மீனவன் வைத்ததல்ல. 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் சொல்லும் மரபில் திருக்கோவிலின் பழைய பெயர் நாகர்முனை. அப்படியானால் எங்கள் ஊர் முனைக் குடும்பத்தில் பிறந்து, எழுத்தளவில் வில் குடும்பத்துக்குச் சுவீகாரம் போயிருக்கிறது.

குடி என்ற எழுத்துத் தொடர்தான் எல்லாவற்றிலும் கனமானது. கல்முனைக்குடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி. இந்தப் பகுதியில் குடி என்றால் வெறும் குடியிருப்பு அல்ல. தாய்வழியில் வரும் குலம். தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. ஒரே குடிக்குள் சம்பந்தம் பேசமாட்டார்கள். கோவில் திருவிழாவிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்குக் குடி உரிமை பிரிந்திருக்கும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இதைத்தான் ஆராய்ந்தார், 2008இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஆகவே ஊர்ப்பெயரில் குடியைக் கண்டதும் ஒரு குலத்தின் பெயர் உள்ளே ஒளிந்திருக்கலாம் என்று தேடுவது நியாயம். அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாறு வரை போனால் முட்டிக்கொள்வோம். அங்கே குடியும் குலமல்ல, சாறும் சாறல்ல. கஞ்சி குடிச்ச ஆறு. பேச்சுவழக்கில் இருந்த ஒரு வாக்கியம் அப்படியே இறுகி ஊரின் பெயராகிவிட்டது. குடிச்ச என்பதன் கடைசி அகரமும் ஆற்றின் ஆகாரமும் ஒன்றாகிப்போனதால் தாளில் பார்ப்பவர் கண்ணுக்குச் சாறு தெரிகிறது. யார் குடித்தார், எப்போது குடித்தார் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை கிடைக்கும். வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்குவது, எழுத்தாகப் பார்த்தால் நாள்முழுக்க விளங்காது.

பற்றையும் தீவையும் இங்கே விரிக்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: மண்முனை தென் எருவில் பற்று. முனை, வில், பற்று மூன்றும் ஒரே வரியில். அரசாங்கக் கடிதத் தலைப்பில் இப்படி ஒரு விருந்து வேறெங்கும் கிடைக்காது. அறுகம்பையின் பையோ தமிழ்ப் பையும் அல்ல, சிங்களமும் அல்ல. குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் விழுந்து பையாகிவிட்டது. இன்னும் நூறு வருடம் கழித்து ஒரு ஆய்வாளர் அங்கே அறுகம்புல் நிறைந்த பை ஒன்றைத் தேடாமல் இருக்கவேண்டும்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலை ஓரளவு ஒழுங்காகத் தீர்த்தார்கள். அங்கே பை என்று முடியும் ஊர்கள் ஏராளம். கடல்கடந்து வந்த டேனிஷ்காரர் தம் மொழியில் குடியிருப்புக்கு வைத்த சொல் அது. அந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால் டேனிஷ்காரர் ஆண்ட பகுதி துலங்கும். ஆனால் விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த ரக்பி அதில் சேராது. 1086இல் எழுதப்பட்ட நிலக்கணக்கேட்டில் அந்த ஊரின் பெயர் கோட்டையைக் குறிக்கும் வேறொரு ஈற்றோடு இருக்கிறது. சுற்றியுள்ள பை ஊர்களைப் பார்த்துப் பார்த்து அதுவும் தன் வாலை மாற்றிக்கொண்டது. 1923இல் ஊர்ப்பெயர் ஆய்வுக்கென்றே அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வகுத்த முதல் ஒழுங்கு, இன்றைய எழுத்தைப் பார்க்காதே, கிடைக்கும் மிகப் பழைய எழுத்தைப் பார் என்பது. தம்பிலுவில்லை ஒட்டிய திருக்கோவில் அயலாரைப் பார்த்து வகரம் எடுத்துக்கொண்டதா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இலக்கணமே வகரத்தைத்தான் கேட்கிறது, ஈழத்தில் கோவில் என்று எழுதும் வழக்கும் பரவலாக உண்டு. கேள்வி கேட்கத் தகுந்தது என்பதோடு சரி.

பழைய எழுத்து என்று தேடினால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம். கல்வெட்டுகள் சில, கோவில் பதிகங்கள், வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தில் தொகுத்துக் கொடுத்த மரபுகள், ஈழத்து இடப்பெயர்களை மாவட்டவாரியாக ஆராயத் தொடங்கிய இ. பாலசுந்தரத்தின் வேலை, காணி உறுதிகள். அதைவிடப் பெரிய களஞ்சியம் எழுத்திலேயே இல்லை. வட்டைப் பெயர்கள். ஒவ்வொரு ஊருக்கும் மேற்கே வயல்வெளி, வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயரோடு கிடக்கிறது. அங்கே வில்லும் வெளியும் கண்டமும் சேனையும் முனையும் ஊர்களில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஒரு சின்னப் பள்ளத்துக்குத் தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் இன்றைக்கும் வில்லு என்று பேர் சொல்கிறார்களா, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், குளத்திலிருந்து அதை எதனால் பிரித்தறிகிறார்கள் என்று வட்டைக்கு வட்டை கேட்டு எழுதினால், கோளாவில்லும் பொத்துவில்லும் ஒரே கூடையா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்து வாதங்களைவிட நேரான விடை கிடைக்கும். இந்தப் பெயர்களை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் போடிமாரும், வயல் நிர்வாகம் பார்க்கும் வட்டவிதானைமாரும். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. வயலை இப்போது ட்ராக்டர்காரர் கூலிக்கு உழுகிறார். அவருக்கு ஏக்கர் கணக்குத் தெரியும், பெயர் தெரியவேண்டிய அவசியம் இல்லை. பல்கலைக்கழகமோ ஒலுவில்லிலேயே இருக்கிறது, வயலும் அதன் வாசலுக்குப் பக்கத்தில்தான்.